உபயம் ஒட்டிய மடிக்கணினி

புளியடித்துறை மகா வித்தியாலயத்தில் உபயம் எழுதப்படாத பொருள் ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். தண்ணீர்க் குழாயில் ஒருவர் பெயர், குழாய் நிற்கிற சீமெந்துத் தூணில் இன்னொருவர் பெயர், ஒழுகுகிற தண்ணீர் போய் விழுகிற தொட்டியில் அவருடைய சம்பந்தியின் பெயர். மண்டபத்து மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் மூன்று சகோதரர்களின் பெயர்கள் இருக்கின்றன. விசிறி சுற்றினால் பெயர் வாசிக்க முடியாது என்பதால் அதிபர் அதைப் பெரும்பாலும் போடுவதில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம், கனடாவின் ரொறன்ரோக் கிளை, பள்ளிக்கூடத்தை விடப் பெரியது. இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளை விட இங்கே நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் கூட என்று குசும்பு பிடித்தவர்கள் சொல்வார்கள். அது சுத்தப் பொய். உபகுழுக்களையும் சேர்த்தால்தான் கூட.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த யோகமலர் ஊரில் தாதியாக இருந்தவள். சண்டையின் கடைசி மாதங்களில் சேலைன் போத்தலை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு வேலை செய்தவள். ரொறன்ரோவுக்கு வந்தபிறகு வெக்ஸ்போர்ட்டில் ஒரு கோப்பிக் கடையில் நின்று, பால் கூடவா குறையவா என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்துப்போனாள். திரும்பவும் தாதியாக வேண்டுமென்றால் இங்கத்தைய கல்லூரியில் படித்து ஒரு பரீட்சை எழுத வேண்டும். மூன்று தரம் எழுத விடுவார்கள். இரண்டு தரம் ஆங்கிலம் அவளைக் கவிழ்த்துவிட்டது. இனி உள்ளது கடைசித் தரம். அதிலும் தவறினால் ஆயுள் முழுக்கக் கோப்பிதான். பரீட்சையை வீட்டில் இருந்தபடி, சொந்தக் கணினியில், கமரா பார்த்துக்கொண்டிருக்க எழுத வேண்டும். அவளிடம் இருந்த பழைய கணினி அந்த மாதம்தான் கண்ணை மூடியிருந்தது.

இதை அவள் ஒரு சாமத்திய வீட்டுக் கொண்டாட்டத்தில் யாருக்கோ சொல்ல, அது சங்கத்தின் காதுக்குப் போய்விட்டது. சங்கத்தோடு அவளுக்கு முன்னமே ஒரு தொடர்பு உண்டு. சண்டையில் செத்துப்போன அவளுடைய அக்காவின் மகள் பிரதீபா அந்தப் பள்ளிக்கூட விடுதியில் தங்கி உயர்தரம் படிக்கிறாள். விடுதிச் செலவைச் சங்கம் கொடுக்கிறது. பிரதீபாவின் கட்டில் தலைமாட்டிலும் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அது பிரதீபாவின் பெயர் அல்ல.

மடிக்கணினி கையளிப்பு விழா ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தில் நடந்தது. மண்டபக்காரர் நெருப்பு வைக்க விடமாட்டேன் என்று சொன்னதால் பற்றரி போட்ட குத்துவிளக்கு. ஐந்து பிரமுகர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, ஐந்து சுவிட்சுகளையும் பயபக்தியோடு போட்டார்கள். தலைவர் இராஜரட்ணம் வீடு விற்பனை முகவர். அவருடைய முகம் ஸ்காபரோவின் பஸ் தரிப்பிட வாங்குகளின் விளம்பரங்களில் எல்லாம் சிரித்துக்கொண்டிருக்கும்; சனம் அதன்மேல்தான் குந்தியிருக்கும்.

லப்ரொப்பின் மேல்மூடியில் பள்ளிக்கூடச் சின்னம் ஒட்டியிருந்தார்கள். ஆகவே உபயகாரரின் பெயர்களுக்கு அடிப்பக்கம்தான் மிஞ்சியது. அடிப்பக்கம் முழுவதையும் மூடி ஒரு பித்தளைத் தகடு. தலைவர் முதல் கணக்காய்வாளர் வரை, காலஞ்சென்ற காப்பாளர் இருவர் உட்பட, எல்லாருடைய பெயரும் செதுக்கியிருந்தது. தகட்டை ஒட்டியவர் உபதலைவர். அவருடைய தொழில் வீடுகளுக்கு மாபிள் பதிப்பது.

"நிலத்துக்கு ஒட்டிற பசையாலை ஒட்டியிருக்கிறன். வீடு இடிஞ்சு விழுந்தாலும் இது கழராது," என்று அவர் ஒலிவாங்கியில் உறுதி சொன்னார். மண்டபம் கைதட்டியது.

படத்தில் பெயர்கள் விழ வேண்டும் என்பதற்காக லப்ரொப்பைத் தலைகீழாகப் பிடித்துத்தான் கையளித்தார்கள். யோகமலருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மடிக்கணினி சங்கத்தின் சொத்து. பாவனை மட்டுமே அவளுடையது. மாதாமாதம் தகட்டைத் துடைத்துப் படம் எடுத்து வட்சப் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அவள் சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டாள். அன்று பின்னேரமே அந்த லப்ரொப்பைப் பரீட்சைக்கென்று கல்லூரியில் பதிந்தும் விட்டாள். பதிந்த கணினியில்தான் எழுத வேண்டும், பிறகு மாற்ற இயலாது என்பது கல்லூரியின் சட்டம். பதிகிற வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அதனால் லப்ரொப் நல்லபடி நடந்துகொண்டது.

அடுத்தநாள் படிக்க இருந்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த விசிறி ஓலமிடத் தொடங்கியது. பிறகு எழுத்துகள் நகர மறுத்தன. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திரை செத்தபிணம் மாதிரிக் கிடந்தது. பிறகு தானாகவே கறுத்து அணைந்தது. ஆறவிட்டுப் போட்டால் வரும். வந்து சிறிது நேரத்தில் அதே ஓலம், அதே கறுப்பு. இருதயக் குழாய்களின் பெயர்களை ஒருதரமும் முழுதாகப் படித்து முடிக்க அது விடவில்லை.

சங்கத்தில் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் என்று ஒருவர் இருந்தார். பெயர் கீதன். பகலில் வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கிற வேலை. மற்றப் பதவிகள் எல்லாம் நிரம்பிவிட்டதால் அவருக்கென்று உண்டாக்கிய பதவி அது.

"அக்கா, நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போட்டுப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

"எத்தினை தரம் எண்டு கேளும் தம்பி."

"அப்ப சரி. முறைப்பாட்டை உங்கடை வகுப்புப் பிரதிநிதிக்கூடாகத்தான் அனுப்ப வேணும். நீங்கள் எந்த ஆண்டு சாதாரணதரச் சோதினை எடுத்தனீங்கள்?"

அவள் ஆண்டைச் சொன்னாள். கீதன் பெருமூச்சு விட்டார்.

"அந்த ஆண்டுக்காரர் கோவிச்சுக்கொண்டு போய்த் தனிச்சங்கம் தொடங்கிட்டினம் அக்கா. உங்களுக்கு இப்ப பிரதிநிதி இல்லை."

யோகமலர் ரெலிபோனை வைத்துவிட்டு லப்ரொப்பைத் தூக்கிப் பார்த்தாள். மடியில் வைத்ததும் துடித்துப் பதறி எழும்பினாள். அடிப்பக்கம் அப்பச் சட்டியாகக் கொதித்தது. சாய்த்துப் பிடித்து, தகட்டின் ஓரத்தால் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். காற்றுப் போகிற துவாரங்கள் வரிசையாக இருந்தன; எல்லாவற்றையும் உபயகாரர்கள் மூடிக்கொண்டு படுத்திருந்தார்கள். நோயாளியின் மூக்கையும் வாயையும் பொத்திப் பிடித்துக்கொண்டு ஏன் மூச்சு விடுகிறாய் இல்லை என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? யோகமலருக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

திரும்பவும் கீதனுக்கு ரெலிபோன் எடுத்தாள். "தம்பி, லப்ரொப்புக்கு என்ன வருத்தம் எண்டு பிடிபட்டிட்டுது. அந்தத் தகடுதான். அதைக் கழட்டினால் சரி."

கீதன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அக்கா, உந்தக் கதையை ரெலிபோனிலை கதையாதேங்கோ."

இரண்டு நாளில் நிர்வாகசபைக் கூட்டத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. யூனியன்வில்லில் தலைவர் வீட்டு பேஸ்மென்றில் கூட்டம். யோகமலர் பஸ் மாறிமாறிப் போய், பனிக்குள்ளால் நடந்து போய்ச் சேர்ந்தாள். முதலில் அகவணக்கம். பிறகு பள்ளிக்கூடக் கீதம், எல்லாச் சரணமும். பிறகு தலைவரை அவருடைய வீட்டுக்கு வரவேற்று ஒரு வரவேற்புரை. பிறகு சென்ற கூட்ட அறிக்கை; அதில் விருந்தில் பரிமாறியது ஆட்டிறைச்சிப் புரியாணி என்று இருக்க, கோழிதான் என்று ஒருவர் ஆட்சேபித்து, அது வாக்கெடுப்பு வரை போனது. கோழி தோற்றது. கடைசியாக, ஏனையவை என்ற தலைப்பின் கீழ் யோகமலரை எழுந்து பேசச் சொன்னார்கள்.

"அண்ணை, எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அந்தத் தகட்டைக் கழட்ட விட்டால் காணும். சோதினை முடிய நானே திருப்பி ஒட்டித் தாறன்."

உபதலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கழட்டுறதோ? தங்கச்சி, பாரமாக் கிடக்குது எண்டு கோபுரக் கலசத்தைக் கழட்டுவீரோ?"

கீதன் ஒரு சமரச யோசனை வைத்திருந்தார். துவாரங்களுக்கு நேரே தகட்டில் துளை போடலாம் என்று, கடுதாசியில் தகட்டுக்கும் துவாரங்களுக்கும் படம் கீறிக்கொண்டு வந்திருந்தார். எல்லாரும் மேசையைச் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். துவாரங்கள் சரியாக உபதலைவருக்கும் பொருளாளருக்கும் காலஞ்சென்ற காப்பாளர்களுக்கும் கீழே வந்தன.

"செத்த மனிசரிலை ஓட்டை போடுறதோ?" என்றார் ஒருவர்.

"உயிரோடை இருக்கிற எனக்குப் போடலாமோ?" என்றார் பொருளாளர்.

தமிழ்ப் பற்றுள்ள ஆலோசகர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எழுந்தார். பெயர்களில் உள்ள மெய்யெழுத்துகளின் புள்ளிகளை மட்டும் துளைத்துவிடலாம், பெயரும் பழுதாகாது, காற்றும் போகும் என்றார். சபை அசந்துபோனது. ஆனால் தலைவருக்கு இரண்டு துளை, எனக்கு மட்டும் ஒன்றோ என்று பொருளாளர் கேட்க, ஓட்டையே வேண்டாம் என்று சற்றுமுன் குதித்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் பெயரில் எத்தனை ஓட்டை வரும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

தலைவர் கையை உயர்த்தினார். அறை அமைதியானது. இராஜரட்ணம் பேசும்போது கூட்டம் நாலுபேர் என்றாலும் நாலாயிரம் பேருக்குப் பேசுகிற மாதிரித்தான் பேசுவார்.

"அன்பான உறவுகளே, ஒரு மடிக்கணினி ஓடுறதும் ஓடாததும் அதைச் செய்த கொம்பனியின்ரை பொறுப்பு. எங்கடை பொறுப்பு குடுக்கிறது. குடுத்தாச்சு. படம் எடுத்தாச்சு. பேப்பரிலையும் வந்தாச்சு. அத்தோடை சேவை பூரணமாயிட்டுது. அதுக்குப் பிறகு அது வேலை செய்தால் அது மேலதிகம். இந்தச் சங்கம் தொடங்கின நாளிலையிருந்து, உதவி வாங்கினவையின்ரை பேரை எங்கையாவது எழுதியிருக்கிறமோ? ஒருநாளும் இல்லை. ஏன்? அவையின்ரை தன்மானத்தை நாங்கள் மதிக்கிறம். எங்கடை பேரைத்தான் எழுதிறம். அந்தப் பாரத்தை நாங்கள் சுமக்கிறம்."

கைதட்டல். யோகமலர் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "அண்ணை, சோதினை வாற மாசம். இது என்ரை கடைசித் தரம்."

"விளங்குது தங்கச்சி. அதுக்குத்தான் இப்ப ஒரு காற்றோட்ட உபகுழு அமைக்கப் போறம். சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சி முடிய அவை கூடுவினம்." பிறகு தலைவர் பிஸ்கற் தட்டை அவள் பக்கம் தள்ளினார். குரல் இளகியிருந்தது. "அதுசரி, எங்கடை பிரதீபா விடுதியிலை சுகமா இருக்கிறாள்தானே? அடுத்த தவணைக்கு விடுதிக் காசு ஆராருக்கு எண்டு நான் இன்னும் ஊருக்கு அறிவிக்கேல்லை. அதுவும் என்ரை தலையிலைதான் கிடக்குது."

யோகமலர் ஒரு பிஸ்கற்றை எடுத்தாள்.

"ஓம் அண்ணை. சுகமா இருக்கிறாள்," என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து குசினிக் கத்தியை எடுத்துத் தகட்டின் விளிம்பில் வைத்ததும் உண்மை. பசை மயிரளவும் அசையவில்லை. அசைந்திருந்தாலும், மாதம் முடிய எந்தத் தகட்டைப் படம் எடுத்து அனுப்புவது? படம் போகாவிட்டால் விடுதியில் அந்தக் கட்டிலில் யார் படுப்பார்கள்? பாழாய்ப்போன பித்தளை என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டு கத்தியைக் கழுவி வைத்தாள்.

ஆனால் மனுசி சும்மா விடுகிற ஆள் இல்லை. ஒருநாள் கோபத்தில் லப்ரொப்பைப் பல்கனிக்குக் கொண்டுபோய் வைத்தாள். மாசி மாதத்துக் குளிர், காது கழன்று விழுகிற குளிர். லப்ரொப் ஓடியது. ஓலமில்லை, கறுப்பில்லை, கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. அன்றிலிருந்து வேலையால் வந்ததும் கோட்டு, தொப்பி, இரண்டு சோடி காலுறை எல்லாம் போட்டுக்கொண்டு பல்கனியில் இருந்து படித்தாள். எதிர் அப்பார்ட்மென்டில் இருந்தவர்கள் திரையை விலக்கி விலக்கிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இந்தமுறை பாடம் தலைக்குள் இறங்கியது. முந்தி இரண்டு தரமும் வராத நம்பிக்கை வந்தது. பிரதீபாவோடு கதைக்கும்போது, "சித்தி இந்தமுறை எடுத்திடுவன். எடுத்திட்டால் உன்ரை செலவு ஒருத்தரின்ரையும் இல்லை, என்ரை," என்று சொன்னாள்.

பரீட்சை நாளும் பல்கனியில்தான் கதிரை போட்டாள். கமராவுக்கு அந்தப் பக்கத்தில் மேற்பார்வைக்கு இருந்த பெடிச்சி மரியாதையாக ஆங்கிலத்தில் நான்கு சுவரையும் காட்டச் சொன்னாள். யோகமலர் ஒரு சுவரையும், வானத்தையும், எதிர் அப்பார்ட்மென்டையும் காட்டினாள். மூடிய அறைக்குள்தான் எழுதலாம், மேலங்கியும் தொப்பியும் கூடாது என்று பதில் வந்தது.

உள்ளே ஓடினாள். அப்பார்ட்மென்டில் ஹீற்றர்ச் சூடு நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது; அதைக் குறைக்கிற உரிமை கட்டடக்காரருக்கு மட்டும்தான். குளிர்ப்பெட்டியைத் திறந்து, உறைந்து கல்லாகிக் கிடந்த, துருவிய தேங்காய்ப்பூப் பைகளை எல்லாம் அள்ளி எடுத்தாள். மேசையில் துவாயைப் போட்டு, பைகளை அடுக்கி, அதன்மேல் லப்ரொப்பை வைத்தாள். அது என்ன என்று பெடிச்சி கேட்டாள். தேங்காய் என்றாள் யோகமலர். பெடிச்சி தன்னுடைய சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள் போல. தேங்காய்க்குத் தடை இல்லை.

பரீட்சை தொடங்கியது. நெருப்பாக எழுதினாள். ஒரு கேள்வியிலும் தடுமாறவில்லை. அரைவாசி தாண்டியது, முக்கால்வாசி தாண்டியது. முழங்கையில் ஈரம் பட்டது. பைகள் இளகத் தொடங்கியிருந்தன. உள்ளே விசிறி மெதுவாக முனகியது. யோகமலர் இன்னும் வேகமாக எழுதினாள். காய்ச்சலோடு ஒரு குழந்தை, இவ்வளவு நிறை, எவ்வளவு மருந்து கொடுப்பாய் என்று அடுத்த கேள்வி. அந்தக் குழந்தைக்கு அவள் எத்தனையோ தரம் மருந்து கொடுத்திருக்கிறாள். பங்கர்க் குழிக்குள் இருந்து ரோச் வெளிச்சத்தில் அளந்து கொடுத்திருக்கிறாள். விடை தெரியும். விடையை அழுத்தினாள். திரை அசையவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள். விசிறி ஓலமிட்டு ஓய்ந்தது.

"ஐயோ, இன்னும் கொஞ்சம். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளு ராசாத்தி," என்று லப்ரொப்பைக் கெஞ்சினாள். அது கறுத்து அணைந்தது.

திரும்ப வந்தபோது, பரீட்சார்த்தி இடையில் வெளியேறியதால் முயற்சி முடிவடைந்தது என்று ஒரு வரி நின்றது. கல்லூரிக்கு எடுத்தாள். அவர்கள் மிகவும் வருந்தினார்கள். கணினி பரீட்சார்த்தியின் பொறுப்பு என்பதையும் அதே வருத்தத்தோடு சொன்னார்கள்.

யோகமலர் அழவில்லை. ஆத்திரத்தில் கண்ணீர் வரவில்லை. இளகிப்போன தேங்காய்ப்பூவை எறிய மனமில்லாமல் சம்பல் இடித்தாள். இடிக்கிற சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

சித்திரை முடிந்து காற்றோட்ட உபகுழு கூடியது. பாவனையாளர் பரீட்சைக்குத் தோற்றிவிட்டபடியால் பிரச்சினை வெற்றிகரமாக முடிவுக்கு வந்தது என்று அறிக்கை சமர்ப்பித்தது. உபகுழுவின் அயராத உழைப்பை மதித்து அதன் உறுப்பினர்களின் பெயர்களோடு இன்னொரு தகடு செய்வதென்று தீர்மானித்தார்கள். லப்ரொப்பின் வலது இடது ஓரங்களில் இன்னும் இடம் இருந்தது. அங்கேயும் சில துவாரங்கள் இருந்தன. அவை இனி இல்லை.

பிறகு தலைவர் யோகமலருக்கு ரெலிபோன் எடுத்தார். பரீட்சை என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை. மடிக்கணினியை அடுத்த பயனாளிக்குக் கையளிக்கிற நேரம் வந்துவிட்டது, அதை அவளுடைய கையாலேயே கொடுக்க வேண்டும் என்பது சபையின் ஏகமனதான விருப்பம் என்றார். பிரதீபாவின் பெயரை அன்று காலைதான் ஊருக்கு அறிவித்ததாகவும், அதற்கு முன்னரோ பின்னரோ அல்ல, அதே மூச்சில் சொன்னார்.

அதே மண்டபம், அதே பற்றரி விளக்கு. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "எங்கடை மடிக்கணினியிலை கனடாவிலை சோதினை எழுதின முதலாவது பெண்மணி!" என்று முழங்கினார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. யோகமலரின் தோளில் இன்னொரு பொன்னாடை விழுந்தது.

அடுத்த பயனாளி துவாரகா என்ற இளம் பெண். இடுப்பில் ஒரு குழந்தை. கணக்கியல் பரீட்சை எடுக்கப் படிக்கிறாளாம். வேலை நிரந்தரமாக வேண்டும் என்றால் அதைப் பாஸ்பண்ண வேண்டுமாம். லப்ரொப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். தலைவர் பின்னால் வந்து இரண்டு பேரின் தோளிலும் கை வைத்தார்.

துவாரகா யோகமலரின் காதுக்குக் கிட்டே குனிந்தாள். குரலில் அவ்வளவு ஆசை. "அன்ரி, நல்லா வேலை செய்யுமோ? வாற கிழமை சோதினைக்கு இதைத்தான் பதியப் போறன்."

யோகமலர் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. தோளில் இருந்த கை கொஞ்சம் இறுகியது. அல்லது அப்படி அவளுக்குத் தோன்றியது. இந்த நேரம் ஊரில் விடிந்திருக்கும். பிரதீபா விடுதிக் கட்டிலை விரித்து ஒழுங்குபண்ணிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுவாள்.

"ஓம் பிள்ளை," என்றாள் யோகமலர். "நல்லா வேலை செய்யும்."

படம் எடுக்கிறவர் கையைக் காட்டினார். "அக்கா, கொஞ்சம் சிரியுங்கோ."

யோகமலர் சிரித்தாள்.